மழைக்கும் மார்கழிப் பனிக்கும் வண்டியைத் தயார் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் வண்டி வேலை பார்க்கிற எங்களிடம், புரட்டாசி பிறந்தால் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். டீக்கடையில் கேட்பார்கள், கல்யாணப் பந்தியில் கேட்பார்கள், வண்டி பாதித் தண்ணீரில் நின்றுபோன பிறகு போனில் கேட்பார்கள். அந்தக் கடைசி வகை போன் வரும்போது பெரும்பாலும் காரியம் கைமீறியிருக்கும். அதனால்தான் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, பதிலையும் எழுதி வைத்திருக்கிறேன். கார், பைக், ஸ்கூட்டர், சின்ன லோடு வண்டி எல்லாவற்றுக்கும் பொதுவானவை முதலில் வரும்.

அண்ணாச்சி, நம்ம ஊர்ல என்ன பனியா கொட்டுது? குளிர்காலத்துக்குன்னு வண்டியைத் தயார் பண்ணணுமா?

குளிருக்காக வேண்டாம், தண்ணீருக்காக வேண்டும். திருநெல்வேலிச் சீமைக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான். குற்றாலத்துச் சாரல் ஆனி ஆடியில் வந்து போய்விடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும்தான் குளம் நிரம்பி, மறுகால் பாய்ந்து, ரோடு அறுந்து போகிற காலம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் போன ரயிலே ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவே நின்றுபோனது. அந்த இரண்டு நாளில் தண்ணீரில் மூழ்கிய கார்களும் பைக்குகளும் தை மாதம் கழிந்தும் ஒர்க்‌ஷாப் வாசல்களில் நின்றன.

மழை ஓய்ந்ததும் மார்கழிப் பனி. அதே நேரத்தில் சபரிமலைக்கும் திருச்செந்தூருக்கும் ராத்திரிப் பயணம். ஆக நமக்கும் குளிர்காலத் தயாரிப்பு உண்டு, ஆபத்தின் வகைதான் வேறு.

எப்போ பார்க்கணும்? ஒரு மழை பெய்யட்டும், அப்புறம் பார்த்துக்கிடலாம்லா?

அந்த முதல் மழைதான் ரொம்ப மோசமானது. மாதக்கணக்கில் ரோட்டில் சொட்டிய ஆயிலும் டீசலும், டயர் தேய்ந்த ரப்பர்ப் பொடியும், புழுதியும் தாரோடு ஒட்டிக் கிடக்கும். தூறல் விழுந்ததும் அதெல்லாம் மேலே எழும்பிக் கொழகொழவென்று ஆகிவிடும். நல்ல கனமழை கொஞ்ச நேரம் அடித்தால் கழுவிக்கொண்டு போய்விடும். தூறலோடு நின்றுவிட்டால் ஆபத்து அப்படியே இருக்கும். பைக்கில் வருகிறவர்கள் முதல் மழைக்கு ஒரு இருபது நிமிஷம் எங்காவது ஒதுங்கி நிற்பது நல்லது.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தை ஒட்டித் தொடங்கும். அதனால் புரட்டாசி முடிவதற்குள் வண்டியைப் பார்த்துவிடுங்கள். மழை தொடங்கிய மறுநாள் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் வரிசை நிற்கும், அவசரத்தில் பார்க்கிற வேலை நிதானமாகப் பார்க்கிற வேலை போல அமையாது.

டயர்ல இன்னும் கொஞ்சம் பட்டன் இருக்கு. இந்த மழைக்கு ஓடிராதா?

காய்ந்த ரோட்டில் ஓடும். மழைக்கு அந்தக் கொஞ்சம் போதாது. பட்டனுக்கு, அதாவது டயர் மேலே தெரிகிற ரப்பர்க் கட்டைகளுக்கு, நடுவே இருக்கிற பள்ளம்தான் டயருக்கு அடியில் மாட்டுகிற தண்ணீரை வெளியே தள்ளுகிறது. பள்ளம் ஆழம் குறைந்தால் தண்ணீருக்குப் போக வழியில்லாமல் டயர் அதன் மேல் ஏறி மிதக்க ஆரம்பிக்கும். அப்போது ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும், திருப்பினாலும் வண்டி திரும்பாது, பிரேக்கும் கேட்காது. நாலுவழிச் சாலையில் நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் மழையில் கார்கள் தானாகவே தடுப்பில் போய் மோதுவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். காற்று சரியாக உள்ள டயரே, ரோட்டில் தண்ணீர் நன்றாகத் தேங்கியிருந்தால் மணிக்கு 95 கி.மீ. வாக்கில் மிதக்கத் தொடங்கும். தேய்ந்த டயருக்கு அந்த வேகமே வேண்டியதில்லை.

பள்ளத்துக்குள் குனிந்து பாருங்கள். ஆங்காங்கே சின்னதாக ஒரு ரப்பர் மேடு குறுக்கே தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. சட்டப்படி காருக்கு 1.6 மி.மீ., இரண்டு, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8 மி.மீ. பள்ளமாவது இருக்க வேண்டும். அது அபராதத்துக்கான எல்லை. மழையில் நிற்பதற்கான எல்லை என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. காருக்கு 3 மி.மீ. வந்ததுமே மழைக்கு முன் மாற்றச் சொல்லுவேன். நாலையும் மாற்றக் காசு இல்லை, இரண்டுதான் முடியும் என்றால், புது டயர் இரண்டையும் பின்னால் போடுங்கள். இன்ஜின் முன்சக்கரத்தைச் சுழற்றுகிற வண்டியானாலும் அப்படித்தான். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், அதைச் சமாளிக்கச் சாதாரணமாக ஓட்டுகிறவர்களால் முடியாது.

பட்டன் முழுசா இருக்கு, ஆனா டயர் பழசு. வண்டி அதிகம் ஓடல. பரவாயில்லையா?

டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 3419 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டு 34வது வாரத்தில் செய்தது. நம்ம ஊர் வெயிலில் நிற்கிற வண்டியின் ரப்பர், ஓடாவிட்டாலும் இறுகிப்போகும். இறுகிய ரப்பர் ஈர ரோட்டைப் பிடிக்காது. ஐந்து வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் காட்டிப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் முடி போல வெடிப்பு ஓடியிருந்தால் பட்டனைப் பார்க்காமல் கழற்றிவிடுங்கள். ஸ்டெப்னியையும் இப்படிப் பாருங்கள், பலரும் வண்டி வாங்கிய நாளுக்குப் பிறகு அதைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

மழைக்குக் காத்தைக் குறைச்சு வச்சா ரோட்டைப் பிடிக்கும்னு சொல்லுதாங்களே?

அது தேரி மணலுக்குச் சொன்னது. திசையன்விளை, உவரி பக்கம் செம்மணலில் சக்கரம் புதைந்தால் காற்றைக் குறைத்து வெளியே வருவார்கள், அது சரியான முறைதான். ஈரத் தார் ரோட்டில் அது நேர்மாறு. காற்று குறைந்தால் டயரின் நடுப்பகுதி உள்வாங்கும், தண்ணீரை விலக்க அழுத்தம் இருக்காது, மேலே சொன்ன மிதப்பு இன்னும் குறைந்த வேகத்திலேயே வரும். டிரைவர் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்டிக்கரில் உள்ள அளவுதான் மழைக்கும் வெயிலுக்கும். வண்டி ஓடிச் சூடாகும் முன்பு பார்க்க வேண்டும்.

தண்ணிக்குள்ள போயிட்டு வந்தா பிரேக்கே பிடிக்க மாட்டேங்குது. கோளாறா?

பெரும்பாலும் கோளாறு இல்லை, ஈரம். பைக், ஸ்கூட்டரில் உள்ள டிரம் பிரேக்குக்குள் தண்ணீர் புகுந்தால், சக்கரத்தை உரசி நிறுத்துகிற ஷூ வழுக்கும். தண்ணீரை விட்டு வெளியே வந்ததும், பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாக ஓட்டியபடியே பிரேக்கை லேசாகப் பிடித்துப் பிடித்து விடுங்கள். அந்தச் சூட்டில் காய்ந்துவிடும். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் ஷூ தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கார்களில் பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் சூடாகி, அந்த ஈரம் ஆவியாகிவிட்டால் பெடல் பஞ்சாகக் கீழே போய்விடும்.

என் வண்டியில ஏபிஎஸ் இருக்கு. அப்போ வழுக்காதுல்லா?

ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். அதனால் பிரேக் பிடித்துக்கொண்டே வண்டியைத் திருப்பி ஒதுக்க முடியும். ரோட்டில் பிடிப்பு இல்லையென்றால் அதுவும் என்ன செய்யும்? மொட்டை டயரில் ஏபிஎஸ் இருந்தும் பயனில்லை. பிரேக் பிடிக்கும்போது பெடல் கடகடவென்று உதறும். பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், அது வேலை செய்கிற சத்தம்தான், அழுத்திய கால் அழுத்தியபடி இருக்கட்டும்.

2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளில் ஏபிஎஸ் கட்டாயம். அதற்குக் கீழே உள்ளவற்றில் பெரும்பாலும் ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டும் சேர்ந்து பிடிக்கிற ஏற்பாடுதான் இருக்கும். அதில் சக்கரம் பூட்டும். உங்கள் வண்டியில் எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வைப்பர் ஓடுது, ஆனா கண்ணாடியில கோடு கோடா விழுகு. கண்ணாடியை மாத்தணுமா?

வைப்பர் ரப்பரை மாற்றினால் போதும். வைப்பரைத் தூக்கி நிறுத்தி, ரப்பரின் விளிம்பில் பெருவிரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நல்ல ரப்பர் வழுவழுப்பாக, ஒரே நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். நம்ம வெயிலில் ஒரு கோடை காய்ந்த ரப்பர் விரலில் பல் பல்லாகத் தட்டும், கருப்பு மாவும் ஒட்டும். அந்தப் பல் ஒவ்வொன்றும் கண்ணாடியில் ஒரு கோடு. நூறு இருநூறு ரூபாய் செலவைத் தள்ளிப்போட்டுவிட்டு, கொட்டுகிற மழையில் எதிரே வருகிற லாரி தெரியாமல் ஓட்டுகிறார்கள். எனக்கு மனசு பொறுக்காத விஷயம் இது.

ரப்பர் புதுசாக இருந்தும் மங்கலாக இருந்தால் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் இருக்கும். ஷாம்பூ தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, கடைசியில் பழைய செய்தித்தாளால் துடையுங்கள். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் போடாதீர்கள், புழுதி கீறிவிடும்.

மழையில கண்ணாடி முழுக்க ஆவி அடிக்கு. ஏசியைக் கூட்டணுமா, நிறுத்தணுமா?

ஆவி எந்தப் பக்கம் என்று முதலில் விரலால் தொட்டுப் பாருங்கள். உள்பக்கம் என்றால், நம் மூச்சும் நனைந்த துணியும் தந்த ஈரம் அது. ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வருகிற மாதிரி பொத்தானை மாற்றுங்கள். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடும், இரண்டு நிமிஷத்தில் தெளியும். உள்காற்றே சுற்றுகிற நிலையில் வைத்தால் ஆவி மறுபடி மறுபடி வரும்.

வெளிப்பக்கம் என்றால் கதை வேறு. ஏசி குளிர்ச்சியில் கண்ணாடி சில்லிட்டு, வெளியே உள்ள புழுக்கக் காற்றின் ஈரம் அதில் படிகிறது. அதற்கு வைப்பரை ஒருமுறை போட்டுவிட்டு ஏசியின் குளிரைக் குறைக்க வேண்டும், காற்றைக் கண்ணாடியை விட்டுத் திருப்ப வேண்டும். பலரும் இங்கேதான் ஏசியைக் கூட்டிக் கூட்டி இன்னும் மோசமாக்கிக்கொள்கிறார்கள்.

மழையில நாலு இண்டிகேட்டரையும் போட்டுட்டு ஓட்டினா நல்லதுதானே?

நின்றால் போடுங்கள், ஓடும்போது வேண்டாம். நாலும் மின்னிக்கொண்டிருந்தால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப்போகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. நிற்கிற வண்டியா ஓடுகிற வண்டியா என்பதும் புரியாது. பகலானாலும் ஹெட்லைட்டை டிம்மில் போட்டால் போதும், பின்விளக்கும் சேர்ந்து எரியும். அந்தப் பின்விளக்கு எரிகிறதா என்று ஒரு ஆளை நிற்கவைத்துப் பாருங்கள். லோடு வண்டிகளில் சேறு அப்பி அது தெரியவே தெரியாது, டிரைவர் டீ குடிக்க நிறுத்தும்போதெல்லாம் ஒரு துணியால் துடைத்துவிட வேண்டும்.

பேட்டரிக்கு எதாவது செய்யணுமா?

ஹெட்லைட், வைப்பர், ஏசி விசிறி எல்லாம் ஒன்றாக ஓடுகிற காலம் இது. பேட்டரிக்கு மூன்று நாலு வருஷம் ஆகியிருந்தால் காட்டிவிடுங்கள். இன்ஜின் நின்று கொஞ்ச நேரம் கழித்து 12.6 வோல்ட் வாக்கிலும், ஓடும்போது 14 வோல்ட் ஒட்டியும் காட்டினால் நல்லது. முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, இறுக்கி, வாசலின் தடவினால் போதும்.

பைக்குக்கு என்ன பார்க்கணும்? செயினுக்குப் பழைய இன்ஜின் ஆயில் ஊத்தினாப் போதாதா?

பழைய ஆயில் மழையில் கழுவிப் போய்விடும். போகிற போக்கில் பின்டயரிலும் தெறிக்கும், அது இன்னும் ஆபத்து. செயினை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, செயின் ஸ்ப்ரேயோ கியர் ஆயிலோ உள்பக்கமாகப் போட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். பிரேக், கிளட்ச் கேபிள்களின் உள்ளே ரெண்டு சொட்டு எண்ணெய். டயர், பிரேக், விளக்கு மூன்றுக்கும் மேலே சொன்னதுதான்.

ஓட்டுகிற விதத்தில்தான் அதிகம் இருக்கிறது. ரோட்டில் வெள்ளைப் பெயின்ட் கோடு, ரயில்வே கேட்டின் தண்டவாளம், பாலத்தின் இரும்பு இணைப்பு, பாதாளச் சாக்கடை மூடி, இந்த நாலின் மேலும் பிரேக் பிடிக்கவும் கூடாது, வண்டியைச் சாய்க்கவும் கூடாது. நேராகக் கடந்துவிடுங்கள். அப்புறம் நம்ம பக்கத்துக்கே உரிய ஒன்று, வயல் சேறு. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி வழியில் பிசான நெல் சாகுபடிக்கு உழுகிற நேரம் டிராக்டர் வயலை விட்டு ரோட்டில் ஏறும். சக்கரத்தில் அப்பிய தொளிச்சேறு கட்டி கட்டியாக விழுந்து, அடுத்த தூறலில் திண்ணையை மெழுகிவிட்ட மாதிரிப் பரவிக் கிடக்கும். வயலுக்கு வண்டி இறங்குகிற தடத்தைத் தூரத்திலேயே கவனித்து, முன்னாலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் போகும்போது முன்பிரேக்கைத் தொடவே வேண்டாம்.

குடை பிடித்துக்கொண்டு பின்னால் உட்காராதீர்கள். ஒரு காற்று போதும், ஆளையே இழுத்துவிடும். மழைக்கோட்டு மஞ்சள் நிறத்தில் இருந்தால் லாரிக்காரர் கண்ணுக்குத் தெரியும்.

மழை வந்தாலே எலி பானட்டுக்குள்ள குடியேறிருது. என்ன செய்ய?

வயலில் தண்ணீர் ஏறினால் எலிக்குச் சூடான, காய்ந்த இடம் வேண்டும். உங்கள் இன்ஜின் அதற்கு வசதி. வண்டிக்குள் முறுக்கு, பிஸ்கட் துகள் இல்லாமல் வைத்திருங்கள், வைக்கோல் படப்பை ஒட்டி நிறுத்தாதீர்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது பானட்டைத் திறந்து வையுங்கள். ஒயரைக் கடித்திருந்தால் டேப் சுற்றிச் சமாளிக்காமல் முறையாக மாற்றுங்கள், தண்ணீர் பட்டால் ஷார்ட் ஆகும். எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பும் வரும். காலையில் ஸ்கூட்டரை எடுக்கும் முன் சீட்டுக்கு அடியிலும் முன்பக்க இடுக்கிலும் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை வையுங்கள்.

ரோட்டுல தண்ணி கிடக்கு. எவ்வளவு ஆழம் வரைக்கும் போகலாம்?

முதலில் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் கிடக்கிறதா, ஓடுகிறதா? ஓடுகிற தண்ணீர் என்றால் பதில் ஒன்றுதான்: போகாதீர்கள். 15 செ.மீ. வேகமாக ஓடினாலே நிற்கிற ஆளைத் தள்ளிவிடும். 30 செ.மீ. ஓடினால் சின்னக் காரை நகர்த்திக்கொண்டு போகும். 60 செ.மீ. என்றால் பெரும்பாலான வண்டிகளைத் தூக்கிவிடும். கார் காற்றடைத்த பெட்டிதானே, மிதக்கத்தான் செய்யும். தரைப்பாலத்தில் ஓடை வரும்போதும், குளத்து மறுகால் ரோட்டைத் தாண்டிப் போகும்போதும், அடியில் ரோடு இருக்கிறதா அரித்துப் போய்விட்டதா என்பதே மேலிருந்து தெரியாது. முன்னால் பஸ் போனதே என்று பின்னால் போகாதீர்கள். பஸ்ஸின் எடை வேறு, உயரம் வேறு.

இன்னொன்று, நம் தலைக்கு மேல் மழை பெய்தால்தான் வெள்ளம் என்றில்லை. மாஞ்சோலை, ஊத்து, நாலுமுக்கு மலைகளில் கொட்டினால் மணிமுத்தாறும் பாபநாசமும் நிரம்பி அணையைத் திறப்பார்கள். ஊரில் வெயில் அடிக்கும்போதே தாமிரபரணிக் கரை ரோட்டில் தண்ணீர் ஏறும். அணை திறக்கும் அறிவிப்பு வந்தால் ஆற்றங்கரையில் நிறுத்திய வண்டியை உடனே மேட்டுக்கு எடுத்துவிடுங்கள்.

கிடக்கிற தண்ணீர் என்றால், காருக்குச் சக்கரத்தின் பாதி உயரத்தைத் தாண்டக் கூடாது. தெரிந்த ரோடாக இருக்க வேண்டும். முதல் கியரில், ஒரே சீராக, நிறுத்தாமல், மெதுவாகப் போங்கள். வேகமாகப் போனால் முன்னால் அலை எழும்பி, இன்ஜின் காற்றிழுக்கிற வாயில் ஏறிவிடும். எதிரே லாரி வந்தால் அது கடக்கும் வரை காத்திருங்கள், அதன் அலையே உங்கள் பானட்டை மூடும். பைக்கில் சைலன்சர் வாய் மூழ்குகிற ஆழம் என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே நல்லது. ரயில்வே சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் ஆழம் பார்க்கவே வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

பாதித் தண்ணியில வண்டி நின்னுட்டு. செல்ஃப் அடிச்சுப் பார்க்கலாமா?

அடிக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் நினைவில் வையுங்கள். வண்டி நின்றதற்குக் காரணம் இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்ததாக இருக்கலாம். பிஸ்டன் காற்றை அழுத்தும், தண்ணீரை அழுத்த முடியாது. நீங்கள் செல்ஃப் அடித்ததும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி, அதைத் தாங்குகிற கனெக்டிங் ராடு வளைந்துவிடும், சில நேரம் இன்ஜின் பிளாக்கே உடைந்துவிடும். தண்ணீர் புகுந்ததோடு விட்டிருந்தால் சில ஆயிரங்களில் முடிகிற வேலை, அந்த ஒரு செல்ஃபால் லட்சத்துக்குப் போகும். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் இதே கேடுதான்.

சாவியை அணைத்து, நியூட்ரலில் போட்டு, ஆள் சேர்த்துத் தள்ளி மேட்டுக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தால் வண்டியை விட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கதவைத் திறக்க முடியாத அளவு தண்ணீர் அழுத்தும் முன்பே கண்ணாடியை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அவசரத்துக்கு 112, தேசிய நெடுஞ்சாலையில் என்றால் 1033.

வீட்டு வாசல்ல நின்ன வண்டிக்குள்ள தண்ணி ஏறி வடிஞ்சுட்டு. இப்போ ஸ்டார்ட் பண்ணலாம்லா?

இதற்கும் மேலே சொன்ன பதில்தான். முதலில் தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறியது என்று சேற்றுக் கோடு தெரிய, நம்பர் பிளேட்டும் தெரிய, போட்டோ எடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ஏர் பில்டர் நனைந்திருந்தாலும் அதே சந்தேகம்தான். கட்டி இழுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியென்றால் சக்கரம் உருள இழுக்காமல், மேலே ஏற்றிக்கொண்டு போகிற வண்டியைக் கூப்பிடுங்கள்.

மிதியடித் தண்ணீரைத் துடைத்துவிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. சீட்டுக்கு அடியில் ஒயர் இணைப்புகள் இருக்கின்றன, மூன்று மாதம் கழித்துப் பச்சை பூத்து ஒவ்வொன்றாகக் கெடும். கார்ப்பெட்டைக் கழற்றிக் காயவைக்காமல் விடக் கூடாது.

இன்சூரன்ஸ் இருக்கே, எல்லாம் கிடைச்சிரும்லா?

மூன்றாம் நபர் பாலிசி மட்டும் என்றால் உங்கள் வண்டிக்கு ஒன்றும் கிடைக்காது. முழுப் பாலிசி என்றால் வெள்ளச் சேதம் அதில் அடங்கும். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யப் போய் இன்ஜின் உடைந்தால், அது நீங்கள் வரவழைத்துக்கொண்ட சேதம் என்று அந்தப் பகுதியைத் தள்ளிவிடுவார்கள். அதற்கென்று இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் சேர்க்கை இருக்கிறது. பாலிசி எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோதான் சேர்ப்பார்கள், மழை வந்த பிறகு ஓடினால் நடக்காது. ஆற்றங்கரை, குளத்தங்கரைத் தெருக்களில் இருப்பவர்கள் அவசியம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழுது பார்க்கிற செலவு பாலிசியில் போட்ட வண்டி மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் முழுச் சேதம் என்று கணக்கிடுவார்கள். சேதத்தை மதிப்பிட வருகிற இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும் முன் வண்டியைப் பிரிக்கவிடாதீர்கள். முன்னே சொன்ன போட்டோக்கள் இங்கேதான் உதவும்.

எலக்ட்ரிக் ஸ்கூட்டரை மழையில ஓட்டலாமா? கரண்டு அடிக்குமோன்னு வீட்ல பயப்படுதாங்க.

மழையில் ஓட்டலாம், பேட்டரியும் மோட்டாரும் தண்ணீர் புகாதபடி மூடித்தான் இருக்கும். மூழ்கவிடக் கூடாது. பயப்பட வேண்டியது சார்ஜ் போடுகிற இடத்தைத்தான். நனைந்த பிளக், திண்ணையில் தொங்குகிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், எர்த் இல்லாத பழைய வீட்டு ஒயரிங், இவைதான் ஆளைக் கொல்லும். நனைந்து வந்த வண்டியைத் துடைத்துக் காயவைத்த பிறகே சார்ஜ் போடுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியென்றால் சார்ஜும் வேண்டாம், ஆன் செய்யவும் வேண்டாம். வீட்டுக்குள் நிறுத்தாமல் வெளியே தள்ளி நிறுத்திவிட்டுக் கம்பெனி ஆட்களை வரவழையுங்கள். தண்ணீர் புகுந்த பேட்டரி சில நாள் கழித்தும் தீப்பிடிக்கலாம்.

மார்கழியில மாலை போட்டு மலைக்குப் போறோம். ராத்திரி செங்கோட்டை வழியா. பனிக்கு என்ன செய்யணும்?

பனி மூட்டத்தில் ஹெட்லைட்டைத் தூக்கிப் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி அடிக்கும். டிம்மில் வையுங்கள், மஞ்சள் பனிவிளக்கு இருந்தால் அதையும் போடுங்கள். இடப்பக்க ஓரக்கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். புளியரை எஸ் வளைவு, ஆரியங்காவு, தென்மலை இறக்கங்களில் ஏறிய அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடாகி விட்டுவிடும், பிரேக் ஆயில் பற்றிச் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

பனியைவிடத் தூக்கம்தான் அதிகப் பேரை எடுக்கிறது. பகல் முழுக்க வேலை பார்த்த ஆளே ராத்திரி வண்டியும் ஓட்டக் கூடாது, இன்னொரு டிரைவர் வேண்டும். திருச்செந்தூர் ரோட்டில் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மார்கழி, தை மாதங்களில் முருகனுக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் விடிய விடிய ரோட்டு ஓரத்தில் நடப்பார்கள், காவியும் பச்சையும் இருட்டில் தெரியாது. நடக்கிற கூட்டத்தில் கடைசியாக வருகிறவர் முதுகில் ஒளிரும் பட்டை ஒன்று ஒட்டிவிடுங்கள்.

டிசம்பர்ல ஊட்டி போறோம். ரேடியேட்டர்ல தண்ணிதான் ஊத்தியிருக்கேன். உறைஞ்சுருமா?

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி படியும். அந்தச் சில மணி நேரக் குளிரில் இன்ஜின் தண்ணீர் உறைந்து வெடிப்பது அபூர்வம். ஆனால் வெறும் தண்ணீர் நம்ம ஊருக்கே ஆகாது, உள்ளே துருப்பிடித்து அடைத்துவிடும், ஏற்றத்தில் கொதிக்கும். கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினால் கொதிநிலையும் உயரும், மைனஸ் 30 டிகிரிக்குக் கீழே போனால்கூட உறையாது.

மகன் கனடாவுல இருக்கான். பனிக்கால டயர் போடலன்னா ஃபைனாம். நாமளும் போட்டா மழைக்கு நல்லதா?

அவன் சொல்வது அங்கே உண்மை. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அந்த டயர் கட்டாயம். 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண ரப்பர் இறுகிவிடும் என்பதால் மிருதுவான ரப்பரில் செய்கிறார்கள். நம்ம ஊரில் மார்கழி விடியலிலும் பெரும்பாலும் 20 டிகிரிக்கு மேலேதான். இந்தச் சூட்டில் அந்த டயர் சீக்கிரம் தேயும், பிரேக் பிடித்தால் நிற்கிற தூரமும் கூடும். நல்ல சாதாரண டயரே போதும்.

லோடு ஏத்திக்கிட்டு காஷ்மீர், லடாக் பக்கம் போறேன். டீசல் உறையும்னு சொல்லுதாங்க, நிஜமா?

நிஜம். நம்ம வாசலில் போகிற 44ஆம் எண் நாலுவழிச் சாலைதான் ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை வருகிறது, ஆனால் இங்கே போட்ட டீசல் அங்கே அப்படியே ஓடாது. கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு பிரிந்து கட்டியாகிப் பில்டரை அடைத்துவிடும். லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரி வரை இளகிய நிலையிலேயே இருக்கிற குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019இல் கொண்டுவந்தது. டேங்க்கைக் கிட்டத்தட்டக் காலியாக்கிக்கொண்டு போய், குளிர் தொடங்குகிற ஊரில் அங்கே விற்கிற டீசலை நிரப்புங்கள். மண்ணெண்ணெய் கலக்கச் சொன்னால் கேட்காதீர்கள், புது இன்ஜின்களின் பம்ப்பும் இன்ஜெக்டரும் கெடும்.

பனி படிந்த ரோட்டில் இரும்புச் சங்கிலியை இன்ஜின் சுழற்றுகிற சக்கரங்களில்தான் மாட்ட வேண்டும். பனி இல்லாத தார் வந்ததும் கழற்றிவிட வேண்டும். மாட்டுவதை இங்கேயே ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள், அங்கே விரல் மரத்துப்போகும். ராத்திரி நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போட்டால் ஈரம் உறைந்து பிரேக் ஒட்டிக்கொள்ளும். சமதரையில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்துங்கள்.